பூசையில் வைத்த பெடல்

போன மாசியில், இங்கே சேர்ந்து வளர்ந்த நம்மில் ஒருவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டு மகள் கிட்டாரை எடுத்து, தீப்பெட்டி அளவான ஏதோ ஒன்றில் செருகி, கைபேசியை இரண்டு தடவை தொட்டாள். விளிம்பு கிழிந்த அந்த முரட்டு ஒலி அறையை நிறைத்தது. பெடல் எங்கே என்று கேட்டேன். "எல்லாம் போனுக்குள்ளதான் ஆன்ட்டி" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். ஒரு காலத்தில் நானும் வாசித்தேனாமே, உண்மையா என்று உங்களில் ஒருவர் கேட்டார். "கொஞ்சக் காலம்" என்றேன். அந்தப் பதிலில் பிழை இல்லை, ஆனால் அது முழுமையானதல்ல. முழுமையாகச் சொல்வதானால் ஒரு வசந்தகாலத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பதினான்கு வயது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு உங்களுக்குத் தெரியும். நம் எல்லோருடைய முதல் வீடுகளும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தன. மரப்பலகைச் சுவர், முன்பு இருந்தவர்களின் நாய் மணக்கும் கம்பளம், குளிர்காலம் முழுவதும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் வழியும் நீர். காருக்கான கராஜில் கார் நின்றதில்லை. அங்கே ஒரு மேசையில் அம்மாவின் மின்சாரத் தையல் மெஷின் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடச் சங்கீத ஆசிரியையாக இருந்த அம்மா இங்கே பாடசாலைச் சீருடைகளுக்குக் கழுத்துப்பட்டி தைத்தார். வெட்டிய துணிகளை ஒருவர் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கி, தைத்த கட்டுகளை ஏற்றிப் போவார். அவரை நாங்கள் துணிக்காரர் என்போம். கராஜில் நீல நிறப் பஞ்சுத் தூசி எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். இரவில் மூக்கைச் சீறினால் கைக்குட்டையில் நீலம் படியும்.

ஆம்பிளிஃபயர் வந்தது தெருவிலிருந்து. பழைய சாமான்களை வீட்டு முன்புல்லில் வைத்தால் மாநகரசபை லொறி அள்ளிப்போகும் கிழமை ஒன்று இருந்ததல்லவா? லொறிக்கு முன்னால் நம் அப்பாமார் போவார்கள். எங்கள் முதல் சாப்பாட்டு மேசையும், தம்பியின் கட்டிலும் அப்படி வந்தவைதான். அந்த வருடம் அப்பா இரண்டு தெரு தள்ளி ஒரு கிட்டார் ஆம்பிளிஃபயரைக் கண்டார். வீட்டுக்காரர் வெளியே வந்து, அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட தன் மகனுடையது அது, இன்னும் வேலை செய்யும் என்று சொல்லி, காரில் ஏற்றவும் ஒரு கை கொடுத்தாராம்.

கறுத்த ரெக்சின் போர்த்திய மரப்பெட்டி. இடது கீழ் மூலையில் ரெக்சின் உரிந்து பலகை தெரியும். முன்பக்கத் துணி பழுப்பு என்றே நினைத்திருந்தேன். ஈரத்துணியால் துடைத்தபோது உள்ளே வெள்ளி இழை ஓடியது. ஒரு திருகுக்குத் தலை இல்லை, அதைக் குறட்டால் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும். ஒலி உடனே வராது. உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். முதலில் தூசி கருகும் மணம் வரும், பிறகு அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல ஓர் இரைச்சல். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். அம்மா தையலை நிறுத்திக் காதைச் சாய்த்தார்.

"சுருதி வைக்குது" என்றார். அன்றிலிருந்து அது எரியும்போதெல்லாம் அந்தச் சுருதியில் முனகிக்கொண்டே தைப்பார்.

அதன் பின்புறம் திறந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு பழைய துவாயில் சுற்றி டிஸ்டோர்ஷன் பெடல் கிடந்தது. அரைச் செங்கல் அளவில் ஓர் இரும்புப் பெட்டி, கடுகு மஞ்சள் நிறம். நடுவில் ஒரு பொத்தான். கிட்டாருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் இடையில் அதைத் தொடுத்துத் தரையில் வைத்து, வேண்டிய இடத்தில் ஒருதடவை மிதித்தால் தெளிந்த ஒலி உடைந்து உறுமும். மறுபடி மிதித்தால் பழையபடி தெளியும். பொத்தானைச் சுற்றி வண்ணம் தேய்ந்து இரும்பு மினுங்கியது. முகம் தெரியாத அந்த மகன் அத்தனை தடவை மிதித்திருக்கிறான்.

கிட்டார் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கியது. முதல்முறை நான் பெடலை மிதித்தபோது அப்பா சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு. அதுதானே பாத்தன், நல்ல சாமானை ஆர் றோட்டிலை வைப்பினம்?"

நான் சொல்வதைக் கேட்காமல் மத்தியானம் முழுக்க ஆணிகளைக் கழற்றி, ஸ்பீக்கர் கடதாசியைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, திரும்பப் பூட்டினார்.

"கிழியேல்லை. ஆனா கிழிஞ்ச சத்தம்."

"அது அப்பிடித்தான் கேக்கவேணும் அப்பா."

"அப்பிடித்தான் கேக்கவேணுமெண்டா நான் ஏன் இவ்வளவு நேரம் குந்தியிருந்தனான்?"

அம்மாவின் கண் வேறு இடத்தில் இருந்தது. "வாத்தியத்தைக் காலாலை மிதிக்கிறியோ?"

"வாத்தியம் இல்லையம்மா. அது ஒரு சுவிட்ச்."

"சுவிட்ச் எண்டாச் சரி" என்று அம்மா ஊசிக்கு நூல் கோத்தார்.

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர், பழகுவது எங்கள் கராஜில். டிரம்ஸ் வாசித்தவள் சமோவாத் தீவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், ஞாயிறு தோறும் அவர்களுடைய சேர்ச்சில் வாசிப்பவள். பேஸ் கிட்டார் வாசித்தவள் என் வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை. பாடசாலைகளுக்கிடையே இசைக்குழுப் போட்டி வசந்தத்தில் நடக்கவிருந்தது. வார்த்தைகள் இல்லாத ஒரு பாட்டை நாங்களே செய்திருந்தோம். மெல்லத் தொடங்கும், உறுமும், அடங்கும், திரும்ப உறுமி, கடைசியில் ஒற்றை ஸ்வரமாக மெலிந்து மறையும். பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறக்காத பிள்ளை. என் ஆங்கிலத்தைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பாட்டில் மட்டும்தான் என்னிடம் உரத்த குரல் ஒன்று இருந்தது. மேடையில் ஒருமுறையாவது அதை எழுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

புரட்டாசியில் தொடங்குவதல்லவா இந்த நாட்டு வசந்தம், போட்டிக்குச் சற்று முன்னால் சரஸ்வதி பூசை வந்தது.

முன்னறையில் காப்பி மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, எங்கள் புத்தகங்கள், அப்பா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த கணக்கியல் நூல், தம்பியின் ரெக்கோர்டர் குழல், கிட்டார் என எல்லாவற்றையும் அம்மா வரிசையாக வைத்தார். பிறகு சந்தனக் கிண்ணத்துடன் கராஜுக்கு வந்து தையல் மெஷினின் தலையில் பொட்டு வைத்தார். ஆம்பிளிஃபயருக்கும் ஒன்று. நான் பெடலை நீட்டினேன்.

"சுவிட்ச் எண்டெல்லோ சொன்னனீ? சுவிட்சுக்குப் பொட்டு வைக்க வெளிக்கிட்டா லைற் சுவிட்சுகள் எல்லாத்துக்கும் வைக்கவேணும்."

தம்பி சிரித்தான். எனக்கு முகம் சுட்டது.

"சுவிட்ச் இல்லையம்மா. அதுவும் வாத்தியம்தான். அது இல்லாட்டி எங்கடை பாட்டே இல்லை."

அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பெடலை வாங்கி, இடுக்குகளில் கிடந்த சப்பாத்து மண்ணை ஈரத்துணியால் சுரண்டித் துடைத்து, பொத்தானின் மேலேயே பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால் கொண்டுபோய் வைத்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் விஜயதசமி. கற்பூரம் காட்டி, ஆளுக்கொரு பக்கம் படித்து, பொருட்களை எடுத்தோம். கராஜில் எல்லாவற்றையும் தொடுத்துவிட்டு நான் காலைத் தூக்கினேன்.

"காலை எடு பிள்ளை" என்றார் அம்மா.

ரெலிபோன் டிரெக்டரியில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றியவர்கள் நாம். ஆகவே உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பதினான்கு வயதில் நான் வாதாடினேன்.

"பரதநாட்டியக்காரர் சலங்கையைக் காலிலைதானே கட்டினம்?"

"கண்ணிலை ஒத்திப்போட்டுக் கட்டினம். கட்டுறது வேறை, மிதிக்கிறது வேறை."

அப்பா உதவிக்கு வந்தார். "இஞ்சாரும், ஊரிலை கால் ஆர்மோனியம் இருந்ததெல்லோ?"

"கால் படுறது துருத்தியிலை. கட்டையிலை இல்லை."

"அப்ப பிள்ளைக்கு வேறை ஒண்டு தேடிப்பாப்பம். பூசையிலை வைக்காதது."

"வைச்சாலென்ன, வைக்காட்டிலென்ன? அது வாத்தியமெண்டு அவளே சொல்லிப்போட்டாள்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "தையல் மெஷினுக்கும் நேற்றுப் பொட்டு வைச்சனீங்கள். அதின்ரை பெடலைக் காலாலைதானே மிதிக்கிறியள்?"

அப்பா தொண்டையைச் செருமினார். மெஷினிலிருந்து வயர் தொங்கி, தரையில் அதன் மிதி கிடந்தது. கறுத்த பிளாஸ்டிக், என் பெடலின் அளவுதான். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அந்த மிதி மேசைமேல் இருந்தது. அம்மா அதை இடது முழங்கையால் அழுத்திக்கொண்டு, வலது கையால் மட்டும் துணியைத் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் விக்கி விக்கி ஓடியது. கழுத்துப்பட்டியின் வளைவில் இரண்டு கையும் வேண்டும். தையல் கோடு பாம்புபோல நெளிந்தது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தார்.

அவர் எனக்குக் கோபத்தைக் காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "இந்தப் பிடிவாதத்தை விடும். இஞ்சை ஆர் பாக்கப்போகினம்?" என்றார்.

"அவள் கேட்டது நியாயம்" என்றார் அம்மா. "பதில் சொல்ல ஏலாட்டி நானும் விடத்தானே வேணும்."

அந்தக் கிழமை துணிக்காரர் ஒரு கட்டை வாசலிலேயே அவிழ்த்துப் பார்த்து, பாதியைத் திருப்பித் தந்தார். இன்னொருமுறை இப்படி இருந்தால் வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டிவரும் என்று மரியாதையாகவே சொன்னார். அவருடைய வான் போனதும் நான் கராஜுக்குப் போனேன். அம்மா நெளிந்த தையல்களை ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தார். மடி முழுக்க நீல நூல்.

"நான் போட்டிக்குப் போகேல்லை அம்மா. நீங்கள் காலாலை தையுங்கோ."

அம்மா பிரிப்பதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"ஊர் விட்டு ஓடிப்போட்டு திரும்பி வரேக்கை வீட்டுக்கு ஓடு இல்லை" என்றார். "வீணை முன்னறையிலை கிடந்தது. குடம் பிளந்துபோய். மழைத் தண்ணி நிண்டது அதுக்குள்ளை. பக்கத்திலை ஒரு சப்பாத்து அடி பதிஞ்சிருந்தது, நல்ல வடிவா, லாடம் எல்லாம் தெரியிற மாதிரி."

"ஆரின்ரை அடி அம்மா?"

"அடிக்குப் பேர் இல்லை."

அம்மா இன்னொரு நூலை இழுத்து அறுத்தார்.

"போட்டிக்குப் போ" என்றார். "காலுக்குப் பதிலா அமத்த உனக்கு இன்னொரு கைதானே வேணும்?"

நம்மில் யாருக்கும் பெற்றோர் இப்படியான விஷயங்களைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னதில்லை. வேறு வேலை செய்யும்போது, நம் முகத்தைப் பாராமல், ஒரேயொரு தடவை சொல்வார்கள். வீணை ஒன்று இருந்தது எனக்குத் தெரியும். அது விற்கப்பட்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதலில் அந்தக் கைக்குத் தம்பியை அமர்த்தினோம். அவன் ஆம்பிளிஃபயர் பக்கத்தில் குந்தியிருந்து, நான் தலையசைக்கும்போது அமத்த வேண்டும். அவன் நினைத்த இடமெல்லாம் அமத்தினான். "இட் சவுண்ட்ஸ் கூலர்" என்றான், அப்படித்தான் இன்னும் நன்றாகக் கேட்கிறதாம். டிரம்ஸ் தோழி குச்சியால் அவன் முதுகில் தட்டினாள். பெடலை ஏன் மிதிக்கக்கூடாது என்ற கதையைக் கேட்டபோது அவள்தான் சிரிக்கவில்லை. தங்கள் வீட்டில் பைபிளைத் தரையில் வைத்தால் தன் அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசமாட்டார் என்றாள்.

மூன்றாவது தடவையும் தம்பி பிழைவிட்டபோது மெஷின் நின்றது.

"இரண்டாம் சுற்று முடிஞ்சு, அரை இடம் தள்ளித்தான் எடுப்பு" என்றார் அம்மா. "நீ சரியா தாளம் தொடங்கிற சமத்திலை அமத்துறாய். எழும்பு."

அவர் அத்தனை நாளும் எங்கள் பாட்டைத் தைத்தபடியே கேட்டிருந்தார். பால் போத்தல் அடுக்கும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, வெள்ளைத் துணி விரித்து, பெடலை அதன்மேல் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். வலது கை தொடையில் தாளம் போட, இடது கை பொத்தானுக்கு மேல் நின்றது. உறுமல் வர வேண்டிய இடத்தில் வந்தது. ஒரு மயிரிழை முந்தவில்லை, பிந்தவில்லை. பேஸ் தோழி வாசிப்பதை மறந்து அம்மாவைப் பார்த்தாள். இவரையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்றாள். அம்மாவுக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன். "முதல்லை அவளை ஒழுங்கா வாசிக்கச் சொல்லு" என்றார்.

மேடையில் மாணவர்கள் மட்டுமே ஏறலாம் என்பது போட்டி விதி. எங்கள் இசை ஆசிரியையிடம் டிரம்ஸ் தோழிதான் போய்க் கதைத்தாள். பியானோ வாசிப்பவருக்குத் தாள் திருப்ப ஓர் ஆள் பக்கத்தில் இருக்கலாமா? இருக்கலாம். அவர் மாணவராக இருக்க வேண்டுமா? ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு விதி ஒன்றும் இல்லை என்றார். அப்படி அம்மா தாள் திருப்புகிறவர் ஆனார்.

போட்டி ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், வேறொரு பாடசாலை மண்டபத்தில். எங்கள் முறை வந்தபோது அம்மா மேடைப் படியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். கருநீலச் சேலை, மேலே அப்பாவின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கவிழ்த்த பால் பெட்டியையும் வெள்ளைத் துணியையும் பார்த்துப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டிரம்ஸ் தோழியின் சேர்ச் ஆட்கள் இரண்டு வரிசை நிறைய வந்திருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. அம்மா பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, தொடையில் தாளத்தைத் தொடங்கினார்.

பாட்டு நடந்தது. முதல் உறுமல் அம்மாவின் கையிலிருந்து வந்தது. மண்டபத்தின் மரத்தளம் அதிர்ந்து என் பாதத்தில் ஏறியது. அடங்க வேண்டிய இடத்தில் அடங்கியது. மறுபடி எழுந்தது. நான் சொல்ல நினைத்து விழுங்கிய அத்தனையும் அந்தச் சத்தத்துக்குள் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு முடிவு வந்தது. அங்கே அம்மா கடைசியாக ஒருமுறை அமத்த வேண்டும், உறுமல் ஓய வேண்டும், நான் ஒற்றை ஸ்வரத்தைத் தெளிவாக மீட்டிக் கையை எடுக்க, அது தானாக மெலிந்து மறைய வேண்டும்.

அம்மா அமத்தவில்லை.

நான் ஸ்வரத்தை மீட்டிவிட்டேன். அது மெலியாமல் கரடாக வெளியே வந்து, ஆம்பிளிஃபயரில் பட்டுத் திரும்பி, கம்பியைத் தானே மீண்டும் உலுக்கி, வளர ஆரம்பித்தது. டிரம்ஸ் நின்றது, பேஸும் நின்றது. யாரும் தொடாமலே அந்த ஒற்றை ஒலி ஊளையாக உயர்ந்துகொண்டு போனது. ஆசிரியை ஓரத்தில் நின்று, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். இடது உள்ளங்கை பொத்தானைத் தொடாமல் அதன்மேல் கவிந்திருந்தது. தொடையில் தாளம் நின்றிருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் மண்டபத்தில் எதையும் அது பார்க்கவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. கம்பிகளின்மேல் கையை வைத்து நானே நிறுத்தியிருக்கலாம். வைக்கவில்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு அம்மா அமத்தினார். சேர்ச் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நேரம் தாண்டிவிட்டதாம். பேஸ் தோழி அழுதாள். அடுத்த வருடம் அவள் இந்த நாட்டின் தெற்குத் தீவுக்குப் போய்விட, குழு கலைந்தது. ஆம்பிளிஃபயர் வந்த வழியிலேயே, லொறி வரும் ஒரு கிழமையில் முன்புல்லுக்குப் போனது. பெடல் வீடு மாறியபோது தவறியது. எந்தப் பெட்டியில் வைத்தேன் என்பது எனக்கு நினைவில்லை, எனக்கு அப்படி நடப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா முழங்கையால் நேராகத் தைக்கப் பழகிவிட்டார். துணிக்காரர் பிறகு எதையும் திருப்பவில்லை.

அந்நியமான மேடை, கூட்டம், வெளிச்சம். அம்மா எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டார் என்றே நான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். உங்களில் பாதிப்பேர் பின்னாளில் அவரிடம் சங்கீதம் படித்தவர்கள். அவர் கை ஒருமுறையாவது தாளம் தவறி நீங்கள் கண்டதுண்டா?

அன்று திரும்பி வரும்போது அப்பா காரை ஓட்டினார். தம்பி நித்திரையாகிவிட்டான். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பின்னிருக்கையிலிருந்து கேட்டேன்.

"ஏன் அம்மா அமத்தேல்லை? இடம் பிழைச்சுப்போச்சோ?"

"இடம் பிழைக்கேல்லை" என்றார் அம்மா. கண்ணாடித் துடைப்பான் இரண்டு மூன்று தடவை போய்வந்தது. "அது இன்னும் முடியேல்லைப்போல கிடந்தது பிள்ளை."